கன்சோலோட கேமை சேர்த்து விக்கிறதுல நடக்கிற தப்புகள்

கன்சோல்னா வீடியோ கேம் ஆடுற மெஷின், அந்த பாக்ஸ்ல ஒரு கேமும் சேர்ந்து வந்தா அது இலவசம்னு நினைக்கிறது தான் முதல் தப்பு. 2025-ல அமெரிக்காவுல நின்டென்டோவோட ஸ்விட்ச் 2 வந்தப்போ கன்சோல் மட்டும் 449.99 டாலர், மரியோ கார்ட் வேர்ல்ட்ங்கிற ரேஸ் கேமோட சேர்த்து 499.99, அந்த கேம் தனியா 79.99. அதாவது 80 டாலர் கேம் 50-க்கு வந்துச்சு. ரேஸ் கேமே ஆடாதவங்களுக்கு அது லாபம் இல்ல, 50 டாலர் கூடுதல் செலவு.

கம்பெனி பக்கம் பாக்கிறவங்க பண்ற தப்பு வேற, 80 டாலர் கேமை சும்மா குடுத்தா 80 டாலர் நஷ்டம்னு கணக்கு போடுறாங்க. டிஜிட்டல் காப்பி ஒண்ணு கூடுதலா குடுக்க பெருசா செலவே கிடையாது, எப்படியும் அந்த கேமை காசு குடுத்து வாங்கியிருக்கக்கூடியவங்ககிட்ட இருந்து வராம போன பணம் தான் உண்மையான இழப்பு. பதிலுக்கு ஒரு கன்சோல் வீட்டுக்குள்ள போகுது, அப்புறம் அதுல வேற கம்பெனி கேம் டிஜிட்டலா வித்தாலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் கன்சோல்காரங்களுக்கு வரும். 1991-ல, நின்டென்டோவுக்கு போட்டியா இருந்த சேகா கம்பெனியோட அமெரிக்கா தலைவர் டாம் கலின்ஸ்கி இதை தான் பண்ணார், ஜெனிசிஸ் கன்சோல் விலைய 189-ல இருந்து 149 டாலருக்கு இறக்கி, சேர்ந்து வந்துட்டிருந்த ஆல்டர்ட் பீஸ்ட் கேமை எடுத்துட்டு புத்தம் புது சோனிக் கேமை வெச்சார். ஜப்பான் தலைமையகத்துல பயங்கர எதிர்ப்பு, கைல இருக்கிற பெஸ்ட் கேமை ஏன் சும்மா குடுக்கணும்னு. ஆனா நின்டென்டோவோட நேருக்கு நேர் மோதுற இடத்துக்கு சேகாவை கொண்டு வந்ததே அந்த முடிவு தான், எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

அதனால தான் விக்காம தேங்கிப்போன கேமை பண்டில்ல, அதாவது கன்சோலோட சேர்த்து, தள்ளிவிடுறது மோசமான யோசனை. உள்ள இருக்கிற கேம் இந்த மெஷின் எதுக்குன்னு காட்டணும். 1989-ல வந்த நின்டென்டோவோட கையடக்க கன்சோல் கேம்பாய்க்கு மரியோ வேணாம், டெட்ரிஸ் வைங்க, அப்பதான் பசங்க மட்டும் இல்லாம எல்லாரும் வாங்குவாங்கன்னு டெட்ரிஸ் உரிமைய வாங்க முயற்சி பண்ண ஹென்க் ரோஜர்ஸ் நின்டென்டோகிட்ட பேசி சம்மதிக்க வெச்சார். 2006-ல நின்டென்டோவோட வீ கன்சோலோட வந்த வீ ஸ்போர்ட்ஸும் அப்படித்தான், ரிமோட்ட கைல குடுத்தா போதும், யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல.

இன்னொரு பெரிய தப்பு, சேர்த்து தான் வாங்கணும்னு கட்டாயப்படுத்துறது. இது கேமுக்கு மட்டும் இல்ல, 2013-ல மைக்ரோசாஃப்ட் தன்னோட எக்ஸ்பாக்ஸ் ஒன் கூட கினெக்ட் கேமராவ கட்டாயமா வெச்சு 499 டாலர்னு வித்தாங்க, போட்டியாளரான சோனியோட பிஎஸ்4 399. கேமராவே வேணாம்னு சொன்னவங்களும் அதுக்கு காசு குடுக்கணும். அடுத்த வருஷம் ஜூன்லயே கினெக்ட் இல்லாத பாக்ஸ் 399-க்கு வந்துச்சு. தனியாவும் விக்கணும் சேர்த்தும் விக்கணும், அப்போ விலை இன்னும் குறையட்டும்னு தள்ளிப்போடுறவங்கள பண்டில் இப்பவே இழுக்கும், மத்தவங்க வேணுங்கறத மட்டும் எடுத்துப்பாங்க.

வாங்கப்போறீங்கன்னா பாக்ஸ்ல டிஸ்க் இருக்கா, இல்ல டவுன்லோட் கோடான்னு முதல்ல பாருங்க. கோட ஒரு தடவ போட்டுட்டா அந்த கேமை திரும்ப விக்க முடியாது, அப்போ நீங்க போடுற தள்ளுபடி கணக்கும் மாறும்.