பிரிமணையில் ஒரு திருவருகைக்கால வளையம்

மண்பானை உட்காருகிற பிரிமணை உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரக் காத்திருப்புதான் திருவருகைக்காலம். அதில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தியைக் கூட்டி ஏற்றுகிற வட்டம்தான் இந்த வளையம். திருவருகைக்கால வளையம் என்று தேடினால் பைன் கிளையும் பனியும் சிவப்புப் பழமுமாகப் படங்கள் வரும். நவம்பர் மாதத் திருநெல்வேலியில் பனிக்கு எங்கே போவது, அடைமழைதான் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்தே பல வருஷம் நான் இதைத் தள்ளிப் போட்டேன். அப்புறம்தான், இதைத் தொடங்கியவரே கையில் கிடைத்ததை வைத்துச் செய்தவர் என்று படித்தேன். 1839-ல் ஹாம்பர்க் நகரில் யோகான் விக்கர்ன் என்ற லூத்தரன் (புராட்டஸ்டண்டு) போதகர், தான் நடத்திய ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். 'கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்' என்று பிள்ளைகள் நச்சரித்ததற்கு அதுதான் பதில். எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளுக்கு அது பிறகுதான் வந்தது. புராட்டஸ்டண்டு சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்போ இது எங்க சொத்துல்லா!" என்றார்.

சரி, செய்வோம்.

1. நாளைக் குறியுங்கள்

டிசம்பர் 25-க்கு முன்னால் வருகிற நான்கு ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். நான்காவதாக வருவதுதான் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் விழும். 2026-ல் நவம்பர் 29. அதற்கு முந்தின சனிக்கிழமைக்குள் வளையம் தயாராக இருக்கட்டும்.

2. வளையம்

தேவையானவை: அகலமான தாம்பாளம் ஒன்று, வைக்கோலிலோ நாரிலோ சுற்றிய பிரிமணை ஒன்று, மண் அகல் நான்கு, இரண்டு கை மணல், மெழுகுவர்த்தி நான்கு. பிரிமணையும் அகலும் மண்பாண்டம் விற்கிற கடையிலேயே கிடைக்கும்.

மெழுகுவர்த்தியைப் பிரிமணையில் செருகாதீர்கள். முதல் வருஷம் நான் அதைத்தான் செய்தேன். மூன்றாம் வாரம் வர்த்தி கட்டையாகி, சுடர் வைக்கோலைத் தொட்டு, 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பாதியில் நிற்க, ஆச்சி செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். பிரிமணையைத் தாம்பாளத்தில் வைத்து, வட்டத்துக்கு உள்பக்கம் அகல்களை வையுங்கள். அகலில் மணல் நிரப்பி, உருகின மெழுகு நாலு சொட்டு விட்டு, வர்த்தியை அதில் நிறுத்துங்கள். பிரிமணைமேல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி வர்த்தியின் பருமன். முதல் வர்த்தி நான்கு வாரமும் எரியும். நாளுக்கு 15 நிமிடம் என்றாலும் 28 நாளுக்கு 7 மணி நேரம். நான்காவது, கூடிப்போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஆகவே முதல் இரண்டும் தடிமனாக இருக்க வேண்டும். கரண்டு போனால் கொளுத்துகிற ஒல்லி வர்த்தி தாங்காது.

நிறம்: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஊதா மெழுகுவர்த்தி தேடி அலைய வேண்டாம். வெள்ளை வர்த்தி வைத்து, தையற்கடைத் துணுக்கில் ஊதாவும் ரோஸும் வாங்கி அகலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஊதா, மனம் திரும்பிக் காத்திருப்பதன் நிறம். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. அது மகிழ்ச்சி ஞாயிறு, அன்று சாமியாரின் திருவுடைகூட ரோஸாக இருக்கலாம்.

பச்சைக்குச் சவுக்குதான் என் தேர்வு. எங்களுக்குக் கடற்கரை ஊரான உவரியில் சொந்தம் இருப்பதால் ஒரு பை வந்துவிடும். இல்லாவிட்டால் மாவிலை. வேப்பிலை சீக்கிரம் சுருண்டு உதிரும். எதுவானாலும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

3. மாலை ஜெபம்

கோயில் மணி ஆறு அடிக்கும்போது உட்காருங்கள், டிவி அணைந்திருக்கட்டும். முதல் வாரம் ஓர் ஊதா, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் ரோஸும் சேர்த்து மூன்று, நான்காம் வாரம் நான்கும். கொளுத்துகிற உரிமை வீட்டிலேயே சின்னப் பிள்ளைக்கு, தீப்பெட்டி மட்டும் பெரியவர் கையில்.

சிலுவை அடையாளம் போட்டு, மூவேளை ஜெபத்தைச் சொல்லுங்கள். வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்னதை நினைவுகூரும் ஜெபம் அது. மூன்று சிறு வாக்கியங்கள், ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அருள் நிறைந்த மந்திரம். இந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஜெபமாலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் 53 மணியும் சொல்லப் போய், நாலாம் நாள் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். பத்து மணி போதும்: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். மாலை இல்லையா, விரல் பத்து இருக்கிறதே. ஜெபமாலை சொல்லும்போது மனதில் நினைத்துக்கொள்கிற இயேசு, மரியாள் வாழ்க்கை நிகழ்ச்சிகள்தான் மறையுண்மைகள். முதல் வாரம் மகிழ்ச்சி மறையுண்மைகளில் முதலாவது, மங்கள வார்த்தை, அதாவது வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தி. இரண்டாம் வாரம் மரியாள் எலிசபெத்தைச் சந்தித்தது. மூன்றாம் வாரம் அதோடு லூக்கா முதல் அதிகாரத்தில் 46 முதல் 55 வரை உள்ள மரியாளின் பாடலை வாசியுங்கள். நான்காம் வாரம் மறுபடி மங்கள வார்த்தை. மூன்றாவது மறையுண்மையான இயேசுவின் பிறப்பைத் தொடாதீர்கள், அது 24-ஆம் தேதி ராத்திரிக்கு.

ஒரு சின்னச் சிக்கல் வரும். ஆச்சி 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்பாள், பிள்ளைகள் 'தூய மரியே, இறைவனின் தாயே' என்பார்கள், நடுவில் மூன்று நொடி ஒன்றும் புரியாது. திருத்தப் போகாதீர்கள். அவளையே முன்சொல்ல விட்டு மற்றவர்கள் தெரிந்தபடி பின்சொல்லட்டும்.

4. இடையில் வருபவை

டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள். மரியாள் ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தாள் என்பதை 1854-ல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அன்று மாதா சொரூபத்துக்கு ஒரு முழம் பிச்சிப்பூ போடுங்கள், மாதா பிரார்த்தனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்து பிறப்புக் குடிலை டிசம்பர் முதல் தேதியே கட்டினாலும் சரி, பாலன் இயேசு சொரூபத்தை மட்டும் பெட்டியிலேயே வையுங்கள். கோயிலிலும், இயேசு பிறந்த ராத்திரி வானதூதர்கள் பாடிய வரிகளோடு தொடங்குகிற வானவர் கீதத்தை இந்த நான்கு ஞாயிறும் பாடுவதில்லை, கவனித்திருப்பீர்கள். முன்னணையில் வெறும் வைக்கோல் கிடப்பதைப் பார்த்து எங்கள் வீட்டுப் பொடிசு தினமும் "இன்னும் வரலியா?" என்று கேட்கும். விக்கர்னின் பிள்ளைகள் கேட்ட அதே கேள்வி.

24-ஆம் தேதி ராத்திரிப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் நடுவில் ஒரு வெள்ளை வர்த்தி ஏற்றி, பாலனை வைத்து, மூன்றாம் மறையுண்மையைச் சொல்லுங்கள். ஊதாத் துணுக்குகளைத் துவைத்து மடித்து வையுங்கள், தவக்காலத்தில் பாடுபட்ட சிலுவைக்கு அடியில் விரிக்க உதவும். மெழுகு ஒட்டின இடத்தைச் சுரண்டிவிட்டால் பிரிமணை பானைக்கு அடியிலேயே திரும்பப் போய்விடும்.