நம்ம பூங்காவுக்குப் 'பூங்காத் தோழர்கள்': ஆரம்பிப்பது எப்படி?

சென்னையில் ஏதாவது ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குக் காலை ஆறு மணிக்கும் இரவு ஏழரை மணிக்கும் போய்ப் பாருங்கள், ஒரே இடமா என்று சந்தேகம் வரும். காலையில் நடக்கிறவர்கள், யோகா செய்கிறவர்கள், வாசலில் அருகம்புல் சாறு விற்கிறவர் என்று கலகலப்பாக இருக்கும், யாருக்கும் பயம் கிடையாது. இருட்டிய பிறகு பின்பக்க மூலையில் விளக்கு எரியாது, கழிப்பறை பூட்டியிருக்கும், சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் குவார்ட்டர் பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும் கிடக்கும், பெண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டிருப்பார்கள். உடனே எல்லோரும் கேட்பது கேமரா. வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குவதைப் பார்த்துக் கேமரா யாரையும் கூப்பிடாது, கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தையின் கையைப் பிடிக்காது. அங்கே ஆள் வேண்டும், அதுவும் அந்தப் பூங்காவைத் தெரிந்த, அங்கே வருகிறவர்களுக்கும் தெரிந்த ஆள். சம்பளம் கொடுத்துப் பூங்காவைக் கவனிக்க வைக்கும் அப்படிப்பட்ட ஆளைத்தான் இங்கே 'பூங்காத் தோழர்' என்கிறேன்.

அமெரிக்க நகரங்களில் இது ரொம்ப நாளாக நடக்கிறது. பிலடெல்பியாவின் மையப் பகுதியில் 1991-இல் இருந்தே, சீருடை போட்ட, ஆயுதம் எதுவும் இல்லாத பணியாளர்கள் தெருவில் நடந்துகொண்டே வழி சொல்வது, உதவி செய்வது, பிரச்சினையைப் பார்த்தால் உரியவருக்குத் தகவல் கொடுப்பது என்று இருக்கிறார்கள். நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1970-களில் அது போதைமருந்து விற்கிறவர்கள் கையில் இருந்த பூங்கா. பொது இடங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் ஒயிட் என்பவர் அதை உட்கார்ந்து கவனித்துவிட்டுச் சொன்னது, பூங்கா தெருமட்டத்தைவிட மேலே இருக்கிறது, சுற்றிலும் புதரும் வேலியும், உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை, நல்லவர்கள் வராததால்தான் மற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பது. 1988-இல் பெரிய அளவில் வேலை தொடங்கி 1992-இல் திறந்தபோது புதர் போயிருந்தது, வழிகள் கூடியிருந்தன, இஷ்டப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள் வந்திருந்தன, சுத்தமான கழிப்பறையும் நாள் முழுக்க வளாகத்தில் இருக்கும் பணியாளர்களும் இருந்தார்கள். அந்த அளவு பணம் நம்மிடம் இல்லை, ஆனால் அதில் இருக்கும் யோசனைக்கு அவ்வளவு செலவும் இல்லை.

சரி, நம்ம ஊரில் ஓரிரண்டு ஏக்கர் பூங்கா ஒன்றை எடுத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் யாரையும் வேலைக்கு வைக்காதீர்கள், முதல் வாரம் பார்ப்பது மட்டும்தான். குடியிருப்போர் சங்கத்தில் இருந்து நான்கைந்து பேர், கட்டாயம் பாதிக்குப் பாதி பெண்கள், நேரம் பிரித்துக்கொண்டு பூங்காவில் உட்காருங்கள். பூங்காவின் வரைபடத்தை ஒரு சார்ட்டில் கையாலேயே வரைந்து, எரியாத விளக்கு, பாட்டில் சேரும் இடம், சிறுநீர் நாற்றம் வரும் சுவர், தண்ணீர் தேங்கும் பள்ளம், நாய் படுக்கும் இடம், யாரும் உட்காராத பெஞ்சு எல்லாவற்றையும் குறியுங்கள். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றுக்கும் மாநகராட்சி ஆட்களிடம் கேட்டுக்கொண்டு பெயின்டில் நம்பர் போட்டுவிடுங்கள். "பின்னாடி லைட் எரியல" என்று புகார் கொடுத்தால் வருகிறவர் எந்த லைட் என்று தேடிவிட்டுப் போய்விடுவார், "7-ஆம் நம்பர் கம்பம்" என்றால் நேராக அங்கே ஏணி போடுவார். அப்படியே செடியையும் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்ந்த புதரும் தலைக்குக் கீழே தொங்கும் கிளையும் பார்வையை மறைக்கும். இதை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தாலே பாதி பயம் குறையும்.

அடுத்தது அனுமதி. பூங்கா மாநகராட்சியுடையது, அதில் நாமாகப் போய் ஆள் நிறுத்த முடியாது. வார்டு கவுன்சிலரையும் மண்டல அலுவலகத்தில் பூங்காவைப் பார்க்கும் பொறியாளரையும் ஒரே வாரத்தில் பாருங்கள், ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால் வேலை இழுக்கும். நீங்கள் கேட்பது என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த நேரம், என்ன செய்வார்கள், என்ன செய்ய மாட்டார்கள். பூங்காவைத் தத்தெடுத்துப் பராமரிக்கும் ஏற்பாடும் உண்டு, 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் வழியும் உண்டு, இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கே பேசிப் பதிவு செய்யுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், பின்னால் ஓர் இரவு கூப்பிட வேண்டி வந்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் அந்தக் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள், தோழர்கள் தூய்மைப் பணியாளருக்கு மாற்று இல்லை. பெருக்குவதும் குப்பை அள்ளுவதும் அவர்களுடைய வேலை, அதற்கான கூலி அவர்களுக்குப் போக வேண்டும். "நீங்கதான் ஆள் வச்சிருக்கீங்களே" என்று சொல்லி அவர்களைக் குறைக்க ஒரு சாக்காக இது ஆகிவிடக் கூடாது. தோழர் வந்த முதல் நாளே அந்தப் பூங்காவின் தூய்மைப் பணியாளர், தோட்டக்காரர், வாட்ச்மேன் மூவரோடும் உட்கார்ந்து டீ குடித்துப் பேச வேண்டும். பூங்காவைப் பற்றி நமக்குத் தெரியாதது எல்லாம் அந்த மூவருக்கும் தெரியும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். உடல் பலம் இரண்டாம்பட்சம்தான். முன்பின் தெரியாதவரிடம் சிரித்துப் பேச வர வேண்டும், கத்துகிறவரிடம் கத்தாமல் நிற்க வர வேண்டும். அதே பகுதியின் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அங்கன்வாடியில் இருந்தவர் இந்த மாதிரி ஆட்கள் அருமையாகப் பொருந்துவார்கள். கண்டக்டராக இருந்தவருக்குக் கூட்டத்தைச் சமாளிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போலீஸ் வெரிஃபிகேஷன் வாங்கிவிடுங்கள், குழந்தைகள் வரும் இடம். சீருடை காக்கியில் வேண்டவே வேண்டாம், காக்கி என்றாலே ஜனங்கள் ஒதுங்குவார்கள். பளிச்சென்ற ஒரு மேல்கோட்டு, தமிழில் பெரிய எழுத்தில் பெயர், கழுத்தில் விசில், கையில் டார்ச், குனியாமல் குப்பை எடுக்கும் நீள இடுக்கி, உடைந்த கண்ணாடி எடுக்கத் தடிமனான கையுறை, ஒரு முதலுதவிப் பெட்டி போதும். லத்தி கூடாது.

நேரம்தான் முக்கியம். நாள் முழுக்க ஆள் போடப் பணம் இருக்காது, அவசியமும் இல்லை. காலை 5:30 முதல் 8:30 வரை ஒருவர், மாலை 4 முதல் 9 வரை இருவர், அதில் ஒருவராவது பெண். ஒரு நாளைக்கு 13 மணி நேர வேலை. மணிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 39,000 ரூபாய், சுற்றியிருக்கும் 300 வீடுகள் பகிர்ந்தால் வீட்டுக்கு 130 ரூபாய். கடைகளும் பக்கத்துக் கம்பெனிகளும் சேர்ந்தால் இன்னும் குறையும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாதீர்கள், வார விடுமுறை கொடுங்கள். எல்லாம் தன்னார்வலர்களை வைத்தே ஓட்டிவிடலாம் என்று ஆரம்பிக்கிற இடங்களில், மழைக்காலம் வந்தாலோ பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தாலோ ஆள் குறைந்துபோகும். சம்பளம் வாங்குகிறவர் தினமும் வருவார். தினமும் அதே முகம் தெரிவதில்தான் இதன் பலமே இருக்கிறது.

இனி தினசரி வேலை. வந்ததும் பூங்காவை ஒரு முழுச் சுற்று. ஊஞ்சல், சறுக்குமரம், சீசா எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும், துருப்பிடித்த போல்ட் இருந்தால் கயிறு கட்டி மூடிவிட்டு அப்போதே புகார். விளையாட்டு மணலில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று காலாலும் இடுக்கியாலும் துழாவ வேண்டும். குடிநீர்க் குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர், விளக்கு. கழிப்பறை பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கண்டுபிடித்துத் திறப்பது அன்றைய முதல் வேலை, ஏனென்றால் கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்களும் வயதானவர்களும் அரைமணிக்கு மேல் இருக்க மாட்டார்கள், சுவர் ஓரமும் நாறும். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை இன்னொன்று சேர்ந்துகொள்ளும்: விளக்குக் கம்பத்தின் அடியில் மின்பெட்டி திறந்திருக்கிறதா, வயர் வெளியே தெரிகிறதா, பக்கத்தில் தண்ணீர் நிற்கிறதா. தெரிந்தால் தொடக்கூடாது, யாரையும் அருகில் விடக்கூடாது, கயிறு கட்டிவிட்டு உடனே போன். ஈரத்தில் மின்கசிவு உயிரை எடுத்துவிடும். இதில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடையாது.

எல்லாவற்றுக்கும் ஒரு நீள நோட்டு. "மாலை 6:10, 4-ஆம் நம்பர் கம்பம் எரியவில்லை, 1913-க்குச் சொன்னது 6:15, புகார் எண் இது, சரியானது எப்போது" என்று ஒரே வரியில் எழுதினால் போதும். 1913 மாநகராட்சிப் புகார் எண், கொடுத்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அட்டையின் உள்பக்கம் மற்ற எண்களும் ஒட்டியிருக்கட்டும்: போலீசுக்கு 100 அல்லது 112, ஆம்புலன்சுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. மாதம் ஒருமுறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பாருங்கள். ஒரே கம்பம் மூன்று வாரமாக எரியவில்லை என்று தேதியோடு காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பேசுவதுதான் கஷ்டமான பகுதி, பயிற்சியில் பெரும்பங்கு நேரம் இதற்கே போக வேண்டும். நான்கு பையன்கள் மூலையில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகக் கூடாது, இருவராகப் போக வேண்டும், ஆனால் ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர் நான்கடி தள்ளி நிற்க வேண்டும். "தம்பி, சாப்பிட்டீங்களா? நான் இங்க பூங்காவைப் பாத்துக்கறவன்பா. குழந்தைங்க விளையாடுற இடம், இங்க வேணாம், எடுத்துட்டுப் போயிடுங்க." அவ்வளவுதான். பாட்டிலைப் பிடுங்குவது, போட்டோ எடுப்பது, "உங்க அப்பா யாரு" என்று விசாரிப்பது எதுவும் கூடாது. சொல்லிவிட்டு நகர்ந்து, அவர்கள் எழுந்து போவதற்குப் பத்து நிமிடம் விட வேண்டும், ஏனென்றால் நம்ம முன்னாலேயே எழுந்தால் நண்பர்கள் முன் மானம் போய்விடும் என்று நினைப்பார்கள். போகவில்லை, எகிறுகிறார்கள் என்றால் வாதாடாமல் விலகி வந்து 100. குப்பை போடுகிறவரிடமும் அதே தொனிதான்: "அக்கா, தொட்டி அந்தப் பக்கம் இருக்கு, குடுங்க நானே போட்டுடறேன்." ஒருமுறை கையில் வாங்கிப் போட்டால் பெரும்பாலும் அடுத்த முறை அவர்களே போடுவார்கள்.

ஜோடியாக வந்து உட்காருகிறவர்களை விரட்டுவது தோழரின் வேலை இல்லை. இதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், மீறினால் வேலை போகும் என்றும் சொல்லிவிடுங்கள். கல்யாணம் ஆயிற்றா, எந்த ஊர், எந்த ஜாதி என்ற கேள்வி வந்த நிமிடத்தில் அந்தப் பூங்கா இளம்பெண்களுக்குப் பாதுகாப்பான இடமாக இருப்பதை நிறுத்திவிடும். அதே மாதிரி மதியம் மரத்தடியில் தூங்குகிற சுமைதூக்கும் தொழிலாளியை எழுப்பி விரட்டக் கூடாது, அந்த நிழல் அவருக்கும் சேர்த்துத்தான். வீடில்லாமல் அங்கேயே தங்குகிறவர் இருந்தால் பெயர் கேளுங்கள், சாப்பிட்டாரா, உடம்பு எப்படி என்று கேளுங்கள், மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் பற்றிச் சொல்லுங்கள், வர விருப்பமிருந்தால் ஏற்பாடு செய்யுங்கள்.

நாய் விஷயத்தில் சண்டை வராத பூங்கா கிடையாது. 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குச் சோறு வைக்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும், அது குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். சோறு வைக்கிறவரையும் எதிர்க்கிறவரையும் ஒன்றாக உட்காரவைத்து இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள், மிச்சத்தை அவரே எடுக்க வேண்டும் என்பதையும். கருத்தடை, ஊசிக்கு மாநகராட்சியைக் கூப்பிடுங்கள்.

இலைக்குப்பையைக் கொளுத்த விடாதீர்கள், உரக்குழி இருந்தால் அதில், இல்லையென்றால் ஒரு மூலையில் குழி கேட்டு வாங்குங்கள். சிதறிக் கிடக்கும் தேங்காய் ஓடு, உடைந்த தொட்டி, ஓடாத நீரூற்று எல்லாம் தண்ணீர் தேங்கினால் கொசுவுக்கு வீடு, வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரைக் காலி செய்தால் போதும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? குப்பை மூட்டையை எண்ணாதீர்கள். ஒயிட் சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு பொது இடம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க அங்கே வரும் பெண்களின் விகிதத்தைப் பார் என்று. வாரத்தில் ஒரே கிழமை, இரவு ஏழு மணிக்கு, பூங்காவைச் சுற்றி வந்து பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, பத்து வயதுக்குக் கீழே எத்தனை என்று எண்ணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பின்பக்க மூலைப் பெஞ்சுகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். மூன்று மாதம் ஆகியும் அந்த எண் அசையவில்லை என்றால் தோழரைக் குறை சொல்லாமல், அங்கே வராத பெண்களிடம் போய்க் கேளுங்கள். விளக்கா, கழிப்பறையா, வாசலில் நிற்கும் பைக் கூட்டமா, வீட்டில் இருந்து பூங்காவுக்கு வரும் தெருவே இருட்டா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள், அடுத்த மாத வேலைப் பட்டியலை அதில் இருந்து எழுதுங்கள்.