கச்சான் காற்றுக் காலத்தில படகுப் பாய் விரிக்கப் போறீங்களா?

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பாய்ப்படகு ஓட இதுதான் காலம். ஆனா கரையில நிண்டு பார்த்து ஏமாந்திடாதீங்க. கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் அலை எழும்ப இடமில்லை. வெளியில போகப் போகத்தான் வெள்ளை நுரை தெரியும்.

போகேக்க காற்று முதுகில தள்ளும், சுகம். திரும்பேக்க அதே காற்று முகத்தில. பாய்ப்படகு காற்றுக்கு நேரெதிரா ஓடாது, வலமும் இடமுமா வெட்டி வெட்டித்தான் வரவேணும். ஒருக்கா ஒரு மணிக்குக் கரைக்கு வர நினைச்சு மூண்டரைக்குத்தான் வந்து சேர்ந்தன். உதடு உப்பில வெடிச்சுப் போச்சு.

விடியவே வெளிக்கிடுங்க. பத்து நிமிஷம் ஓடினதும் படகை ஒருக்காத் திருப்பிப் பாருங்க, கரைப்பக்கம் எவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுது எண்டு. எஞ்சின் இருந்தா, எண்ணெயில மூண்டில ஒரு பங்குதான் போறதுக்கு. புறாமலைத் தீவு நிலாவெளியில இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், அதுக்கும் உயிர்காப்பு அங்கி போடுங்க. போனை ரெண்டு பொலித்தீன் பையில கட்டுங்க. வள்ளக்கார அண்ணை “இண்டைக்கு வேணாம்” எண்டா, அவரோட பேரம் பேசாதீங்க.