கைடைத் தேர்ந்தெடுப்பதும் கைடிடம் வேலை வாங்குவதும்

உயிரியல் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களில் பலர் தலைப்பை முடிவு செய்துவிட்டுத்தான் கைடை, அதாவது ஆராய்ச்சி வழிகாட்டியைத் தேடுகிறார்கள். கேன்சர்தான் வேண்டும், இல்லாவிட்டால் மூளைதான் வேண்டும் என்று பிடிவாதம். தலைப்பு போகப்போக மாறும், முதல் வருடம் நினைத்தது அப்படியே தீசிஸாக வருவது அபூர்வம். கைடு மாறமாட்டார். அதனால் முதலில் ஆளைப் பாருங்கள், தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவ, உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் அவர் பெயரைப் போட்டு ஐந்தாறு வருடப் பேப்பர்களை வரிசையாக எடுங்கள். உயிரியலில் வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் லேபை நடத்துகிறவருடையது. முதல் பெயராக வெவ்வேறு மாணவர்கள் வந்திருந்தால் நல்ல அறிகுறி. ஒரே ஒரு போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்துவிட்டு லேபில் வேலை செய்கிறவர்) பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், மாணவர்கள் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். லேபில் இப்போது இருக்கிறவர்களிடம் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள், பாவம், அவர்களுக்கு இன்னும் தீசிஸில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. முடித்துவிட்டு வெளியே போனவர்களைக் கண்டுபிடித்துப் பேசுங்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. "சார் எப்படி, மேடம் எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சோதனை சொதப்பினால் போய்ச் சொல்ல முடியுமா, டிஎன்ஏ, புரதம் போன்றவற்றை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தை அவரே உட்கார்ந்து பார்ப்பாரா, எழுதிக் கொடுத்த டிராஃப்ட் எத்தனை வாரத்தில் திரும்பி வரும் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

கைடுக்குப் போடும் மெயிலில் "உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று எழுதாதீர்கள், அது ஊருக்கெல்லாம் போகிற வரி என்று படிக்கிறவருக்கும் தெரியும். ஒரு பேப்பரை முழுசாகப் படித்து, அதில் ஒரு படத்தைப் பிடியுங்கள். இந்த மரபணுவை நீக்கினால் செல் நகர்வது குறைகிறது என்று காட்டியிருக்கிறீர்கள், திரும்பச் சேர்த்தால் பழையபடி ஆகிறதா என்று இரண்டு வரியில் கேட்டால் போதும், பதில் வர வாய்ப்பு அதிகம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. முதல் வேலையாகப் புதுசாக எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். சீனியர் செய்து ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு சோதனையை உங்கள் கையால் திரும்பச் செய்து அதே முடிவைக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு புதுச் சோதனை ஒன்று ஓடாதபோது கையில் கோளாறா, கருத்தில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க இது ஒன்றுதான் வழி.

கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே ஓட்டும் மாதிரி, இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கும் பிசிஆர் போட்டு ஜெல் ஓட்டுகிறீர்கள், எதிர்பார்த்த 400 பேஸ்பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) இடத்தில் பளிச்சென்று பேண்ட், அதாவது பட்டை. சந்தோஷப்படும் முன் டிஎன்ஏ போடாமல் வெறும் தண்ணீர் போட்ட குழாய்க்கான வரிசையை, அதாவது லேனைப் பாருங்கள். அங்கேயும் அதே உயரத்தில் மங்கலாக ஒரு பேண்ட் இருந்தால் உங்கள் பளிச் பேண்டுக்கு மதிப்பு இல்லை. தண்ணீரிலோ, பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டான பிரைமரிலோ, பஃபரிலோ பழைய பிசிஆர் பொருள் கலந்திருக்கிறது. எது என்று துப்பறிந்து நேரத்தை வீணாக்காமல் திறந்த குழாய்களை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய அலிகாட் (முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்த குழாய்) எடுங்கள், பிசிஆர் கலக்கும் இடத்தையும் முடிந்த பொருளைத் திறக்கும் இடத்தையும் பிரித்து வையுங்கள். அடியில், 100 பேஸ்பேருக்கும் கீழே, பரவலாக ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, அதற்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம். இன்னொரு பக்கம், எந்த லேனிலும் பேண்ட் இல்லை என்றால் "மரபணு இல்லை" என்று எழுதிவிட முடியாது. நிச்சயம் வரும் என்று தெரிந்த சாம்பிள் ஒன்று கூடவே ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்சைம் செத்துவிட்டதா என்றே தெரியாது. கைடிடம் கொண்டுபோகும்போது அழகான பேண்டை மட்டும் வெட்டி ஸ்லைடில் ஒட்டாமல் நீளத்தை ஒப்பிடும் அளவுகோலான லேடரோடு, கன்ட்ரோல்களோடு முழு ஜெல்லையும் காட்டுங்கள். இருபது வருடம் ஜெல் பார்த்த கண்ணுக்கு நீங்கள் வெட்டி எறிந்த மூலையில்தான் விஷயம் கிடைக்கும்.

எண்ணிக்கையிலும் இதே கதைதான். ஒரே ஃபிளாஸ்க்கில் வளர்த்த செல்லைத் தட்டின் மூன்று குழியில் போட்டு அளந்தால் அது மூன்று இல்லை, ஒன்று. பைப்பெட்டிங் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984லேயே இதற்கு சூடோரெப்ளிகேஷன் (போலி மறுசெய்கை) என்று பெயர் வைத்து விரிவாக எழுதிவிட்டார், இன்னும் தீசிஸ்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. எத்தனை தனித்தனி முறை செய்யப் போகிறோம், எந்தப் புள்ளியியல் சோதனை போடப் போகிறோம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே கைடோடு உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள்.

செல் கல்ச்சர் (லேபில் செல் வளர்ப்பது) செய்கிறவர்கள் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று மாதாமாதம் சோதியுங்கள். அதற்குச் செல் சுவர் கிடையாது, பென்சிலின் ஒன்றும் செய்யாது, மீடியமும் கலங்காது, செல் நன்றாக இருப்பது போலவே தெரியும். வேறு லேபிலிருந்து வந்த செல் லைன் (தொடர்ந்து வளர்த்துவரும் ஒரே வகைச் செல்) என்றால் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளப் பரிசோதனையில் அது சொன்ன செல்தானா என்றும் பார்த்துவிடுங்கள். வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்த பல செல் லைன்கள் கடைசியில் 1951இல் ஒரு புற்றுநோயாளியிடமிருந்து எடுத்த ஹீலா செல்களாக இருந்திருக்கின்றன.

டேட்டா வந்ததும் மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக ஒரு பிரதி வையுங்கள். எக்செல் மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது மென்பொருள் திருந்தவில்லை, மரபணு திருந்தியது.

விலங்குகள், மனித மாதிரிகள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் சோதனை. பின்தேதியிட்டு வாங்கவே முடியாது, பேப்பர் அனுப்பும்போது அனுமதி எண்ணைக் கேட்பார்கள்.

லேப் நோட்டில் தேதி, வாங்கிய பொருளின் லாட் எண், செல்லின் பாசேஜ் எண் (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றினோம் என்பது), ஓடாத சோதனை எல்லாம் அன்றன்றைக்கே ஏற வேண்டும். வாரம் ஒரு முறை கைடைப் பார்க்கும் முன் என்ன செய்தேன், என்ன வந்தது, எங்கே மாட்டிக்கொண்டேன் என்று ஒரு பக்கம் அனுப்புங்கள். பேசி முடித்த பிறகு "இன்று இப்படி முடிவு செய்தோம்" என்று நான்கு வரி மெயிலும் போட்டுவிடுங்கள், கைடுகளுக்கு மறதி ஜாஸ்தி. மூன்று மாதம் கழித்து "இதை யார் செய்யச் சொன்னது" என்று கேட்டால் சண்டை போடத் தேவையில்லை, பழைய மெயிலை ஃபார்வர்ட் செய்தால் போதும். பேப்பரில் யார் பெயர் எந்த இடத்தில் என்பதையும் தயங்காமல் ஆரம்பத்திலேயே கேளுங்கள், கடைசியில் கேட்டால் கசப்புதான். கருத்து வேறுபாடு முற்றினால் ஆலோசனைக் குழுவில் இருக்கும் இன்னொரு பேராசிரியரிடம் போகலாம், குழு அதற்கும் சேர்த்துத்தான்.

எழுதுவதை மெத்தட்ஸில் தொடங்குங்கள், சோதனை நடக்கும்போதே எழுதக்கூடிய ஒரே பகுதி அதுதான். அப்புறம் படங்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் ரிசல்ட்ஸ். மொத்த தீசிஸையும் ஒரே நாளில் கைடு மேசையில் இறக்கினால் அது அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு அத்தியாயமாகக் கொடுங்கள், இந்தத் தேதிக்குள் திருத்தம் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள், அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய்க் கதவைத் தட்டுங்கள்.