பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஓர்க்கா விளக்கப்படம் அமைக்கும் முறை

கொலையாளித் திமிங்கலம் எனப்படும் ஓர்க்காவைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், பெரும்பாலும் நீலத் தாளின் நடுவே அதை ஒட்டி, சுற்றிலும் டால்பின், சீல், சுறா ஆகியவற்றை வைத்து, எல்லாவற்றையும் அது தின்னும் என்று அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். சொல்லும் செய்தி பாதி தவறு. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படமே கடலாகிவிடும் என்பதால், ஆசிரியர்கள் சற்றுக் கூடுதல் கவனம் எடுப்பது நல்லது. யார் யாருக்கு உறவு என்பதை ஒரு சார்ட்டிலும், யார் யாரைத் தின்கிறது என்பதை வேறொரு சார்ட்டிலும் காட்ட வேண்டும்.

உறவுப் படத்தை மரமாக வரையுங்கள். பல்லுள்ள திமிங்கலங்கள் என்னும் கிளையிலிருந்து டால்பின் குடும்பம் பிரியட்டும். அக்குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினராக ஓர்க்காவை வைத்து, அருகில் பைலட் திமிங்கலத்தையும் சேருங்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு அருகே கூட்டமாகக் கரை ஒதுங்கியவை இந்தப் பைலட் திமிங்கலங்களே. சுறா மீன் என்பதால் இந்த மரத்தில் அதற்கு இடமில்லை. சீல் பாலூட்டிதான் என்றாலும் நாய், கரடி ஆகியவற்றின் பக்கம் நிற்க வேண்டியது; நீர்யானையோ சீலைவிட ஓர்க்காவுக்கு நெருங்கிய உறவு.

உருவ அளவைத் தாளில் காட்டுவது கடினம். விளையாட்டுத் திடலில் 8 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டால், நன்கு வளர்ந்த ஆண் ஓர்க்காவின் நீளம் விளங்கும். அதன் முதுகுத் துடுப்பே 1.8 மீட்டர் வரை உயரும். பாலாற்று மணலிலும் வரையலாம். தண்ணீர் ஓடாத மாதங்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

இரண்டாவது படத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வட பசிபிக் கடலின் கனடாக் கரையோரத்தில், ஒரே நீர்ப்பரப்பில், ஒன்றோடொன்று கலவாத இரு வகை ஓர்க்காக்கள் வாழ்கின்றன. ஒரு வகை மீன்களையே, முக்கியமாக சினூக் சால்மனை உண்கிறது. பிக்ஸ் ஓர்க்கா எனப்படும் மற்றொரு வகை சீல், கடற்சிங்கம், டால்பின் போன்ற பாலூட்டிகளை வேட்டையாடுகிறது. தாயிடமிருந்து குட்டி கற்கும் வழக்கம் இது. வீட்டுக்கு வீடு சமையல் மாறுவதைப் போல என்றால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே, பசிபிக் வெள்ளைப்பக்க டால்பினின் படம் ஒன்றை நடுவில் வைத்து, மீன் உண்ணும் ஓர்க்காவுக்குப் பச்சை உல்லன் நூலும், பிக்ஸ் ஓர்க்காவுக்குச் சிவப்பு நூலும் கட்டுங்கள். முதல் வகையோடு அந்த டால்பின்கள் சேர்ந்து நீந்துவதுண்டு. இரண்டாம் வகைக்கு அவை இரையாகின்றன.

இதன் பக்கத்திலேயே ஒலியைப் பற்றியும் எழுதலாம். மீன் உண்பவை அடிக்கடி குரல் எழுப்புகின்றன. பாலூட்டிகளை வேட்டையாடுபவையோ, இரைக்குக் காது கூர்மை என்பதால், வேட்டையின்போது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஒரு மாணவரின் கண்ணைக் கட்டிவிட்டு, ஒருவர் கைதட்டியபடியும் மற்றொருவர் ஓசையின்றியும் அவரை நெருங்கச் செய்தால் விளக்கமே தேவைப்படாது.

மற்ற விலங்குகளில், அண்டார்டிக்காவில் பல ஓர்க்காக்கள் சேர்ந்து அலை எழுப்பிப் பனிப்பாளத்திலிருந்து சீலைத் தள்ளுவதையும், 2017-ல் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் அருகே வெள்ளைச் சுறாக்கள் ஈரல் இல்லாமல் கரை ஒதுங்கியதையும் குறிப்பிட்டால் போதும். எதிர்த்திசை அம்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பைலட் திமிங்கலக் கூட்டம் ஓர்க்காக்களைத் துரத்துவது ஐஸ்லாந்துக் கடலில் பதிவாகியிருக்கிறது. கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஓர்க்காக்களின் வேட்டையில் குறுக்கிட்டு, தம் இனமல்லாத விலங்குகளுக்கும் அரணாக நின்றதுண்டு. என் பார்வையில், படத்தில் பார்வையாளரை நிறுத்தி வைக்கும் பகுதி இதுதான்.

மனிதரைக் கொல்லுமா என்று வருவோர் கட்டாயம் கேட்பார்கள். இயற்கைக் கடலில் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை என்றும், தொட்டியில் அடைக்கப்பட்டவை பயிற்சியாளர்களைக் கொன்றிருக்கின்றன என்றும் பதில் சொல்லப் பழக்குங்கள். நம் பக்கம் வருமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். இலங்கைக் கடற்பகுதியில் எப்போதாவது தென்படுவதுண்டு.