மாத்திரை அட்டையின் சிவப்புக் கோடும் நாம் செய்யும் தவறுகளும்

மருந்துக் கடையில் வாங்கும் பல மாத்திரை அட்டைகளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. சீட்டு கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருப்பதால், அந்தக் கோடு வெறும் சம்பிரதாயம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் தவறு இதுதான். மற்றவை இதன் பிள்ளைகள். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் விதிகள் ஒரு மருந்தை எந்த அட்டவணையில், அதாவது எந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில், வைத்திருக்கின்றன என்று பார்த்தாலே, அது உடம்புக்குள் என்ன செய்யும் என்பது பாதி புரிந்துவிடும்.

தூக்கத்துக்கும் படபடப்புக்கும் எழுதப்படும் அல்பிரசோலத்தை எடுத்துக்கொள்வோம். மூளையின் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது. சில வாரங்கள் தொடர்ந்து போட்டால், வெளியிலிருந்து வரும் இந்தத் தணிப்பை நம்பி மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. அதன் பிறகு, "பழகிவிடுமாமே" என்று பயந்து ஒரே நாளில் நிறுத்துகிறார்கள் பாருங்கள், சீட்டில்லாமல் வாங்குவதைவிட இது ஆபத்தானது. தூக்கம் முழுதாகப் போய், கை நடுங்கி, சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதை மருத்துவர்தான் வகுத்துத் தர வேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மட்டுப்படும். வயதானவர்கள் இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கும் இந்த வகை மாத்திரைகள் ஒரு காரணம்.

2014 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையில் முதலில் சேர்க்கப்பட்ட 46 மருந்துகளில் அல்பிரசோலமும் ஒன்று. இவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஊர் பேர் கேட்கும் கடைக்காரரிடம் கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. கேட்காத கடைதான் சந்தேகத்துக்குரியது.

டிரமடால் என்ற வலி மாத்திரையிலும் இதே கதைதான், சட்டம்தான் இன்னும் கடுமை. இதைக் கல்லீரல் உடைத்து மாற்றும்போது உருவாகும் பொருள், அபினிலிருந்து எடுக்கும் மார்பின் மூளையில் போய் ஒட்டும் அதே இடங்களில் (ஏற்பிகளில்) ஒட்டுகிறது. போதாததற்கு, மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருளையும் மூளையில் கூட்டுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை போடும் ஒருவர், முதுகுவலிக்கென்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த டிரமடாலையும் போட்டால் செரடோனின் அளவுக்கு மீறி ஏறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். கொடுத்தவர் நல்ல மனத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் 2018 ஏப்ரலில் டிரமடால், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டது. அல்பிரசோலம் முன்பே அதில் இருக்கிறது. மருத்துவத் தேவைக்கு உரிய முறைப்படி அல்லாமல் இவற்றை வைத்திருப்பதும் கைமாற்றுவதும் குற்றம்.

அப்படியானால் சீட்டு வைத்திருக்கும் நோயாளி பயப்பட வேண்டுமா? வேண்டாம். சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்துக்கொள்ள இந்தச் சட்டத்தின் விதி இடம் தருகிறது. நீண்ட கால சிகிச்சை என்று மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை போகலாம். சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு சுற்றுவதுதான் தவறு. இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு: 'பிடிபட்டாலும், மாத்திரைக்குள் மருந்து 50 மில்லிகிராம்தானே, அதைத்தானே எடை போடுவார்கள்?' என்பது. கலவையில் உள்ள மாவு, சுண்ணம் எல்லாவற்றையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிரமடாலில் 250 கிராமைத் தொட்டால் சட்டத்தின் கணக்கில் அது 'வணிக அளவு', அதாவது கடும் தண்டனைக்குரிய பெரிய அளவு. குறைந்தது பத்தாண்டு சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. 'நண்பனுக்காக ஒரு பார்சல்தான் வாங்கி வந்தேன்' என்று மாட்டிக்கொள்ளும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

களிம்பை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் பல கூட்டுக் களிம்புகளில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். ஸ்டீராய்டு அங்கே தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பூஞ்சை நிம்மதியாகப் பரவும். முகத்துக்கு நிறம் வர இதையே தடவுபவர்களுக்குத் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மேலே பூசும் மருந்துகளுக்குச் சீட்டுக் கட்டாயத்திலிருந்து நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2018-இல்தான் ஸ்டீராய்டுக் களிம்புகளுக்கு அந்த விலக்கு நீக்கப்பட்டது.

கடைசியாக, வெளிநாடு போகிறவர்கள். இங்கே சட்டப்படி வாங்கியது அங்கேயும் செல்லும் என்ற நம்பிக்கை விமான நிலையத்தில் உடைகிறது. டிரமடால், கோடின் என்ற அபின் வகைப் பொருள் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் முன்அனுமதி பெற வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வைத்து, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.

மருந்தே இல்லாத ஒரு பொருளும் இந்தப் பட்டியலில் இருக்கிறது: கசகசா. அபின் தரும் அதே செடியின் விதை இது. விதைக்குள் போதை கிடையாது; காயின் பால் ஒட்டிய தடம் மட்டும் மேலே இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் மார்பின் காட்ட அதுவே போதும். இந்தியச் சட்டம் விதைக்குத் தடையிலிருந்து விலக்கு தந்திருக்கிறது. அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகியவற்றில் அந்தச் சலுகை இல்லை. மகனுக்கு மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள், குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம்.