ஆற்றில் இறங்கும் முன் கரையில் நடந்து பாருங்கள்

ஆற்றைத் தூய்மைப்படுத்த ஊர் கூடி முடிவெடுத்தவுடன் கையுறையும் சாக்கும் தேட வேண்டாம். முதலில் நான்கைந்து பேர் கரையோரமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எங்கே திறக்கிறது, வடிகால் எங்கே வந்து சேர்கிறது, எந்தப் பாலத்திலிருந்து குப்பை கொட்டப்படுகிறது என்பவற்றைப் படமெடுத்து, நாளும் நேரமும் சேர்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல நாட்களாக மழையே இல்லாதபோதும் ஒரு மழைநீர் வடிகாலில் நீர் ஓடிக்கொண்டிருந்தால், யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கக்கூடும். அந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்து அடைக்கச் செய்வது, பத்து வண்டிக் குப்பையை அள்ளுவதைவிட ஆற்றுக்கு நன்மை தரும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு நீரின் நிலையை அளக்க வேண்டும். கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறத் தொடங்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் செத்து மிதக்கும். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன, இரவு முழுவதும் அவையே அதைச் சுவாசித்துக் குறைக்கின்றன. ஆகவே நண்பகலில் மட்டும் எடுத்த அளவு நம்மை ஏமாற்றிவிடும், விடியலுக்குச் சற்று முன்பும் அளக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் ஆழமில்லாத ஓட்டத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். வயிற்றின் இருபுறமும் செவுள்கள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வால் இழைகளுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃபிளை இளம்பூச்சிகள் தென்பட்டால் நீர் நன்றாகவே இருக்கிறது. சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள், அதுதான் அவற்றின் வீடு.

குப்பை அள்ளும் நாளில் மேல்பகுதியிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். வெள்ளம் வரும் நாட்களில் யாரும் இறங்கக் கூடாது. காலில் புண் உள்ளவர்கள் எலிக்காய்ச்சல் ஆபத்தைக் கருதிக் கரையிலேயே நிற்கட்டும். அள்ளியதை வகை பிரித்து எடை போட்டு எழுதிவைத்தால், உள்ளாட்சி அமைப்பிடம் முறையிடும்போது அதுவே சான்றாகும். விழுந்து கிடக்கும் கிளைகள் நீரோட்டத்தை அடைக்காதவரை அவற்றைத் தொட வேண்டாம், மீன்குஞ்சுகள் ஒதுங்குவது அங்கேதான். ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன்பே அகற்றி, வெள்ளம் எட்டாத தொலைவில் குவியுங்கள். அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் ஒரு முறை அகற்றினால் போதாது.

கரையில் அந்தந்த மண்ணுக்குரிய மரங்களை நடுங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். மரநிழல் மீனுக்கு மூச்சாவது இப்படித்தான். மாதந்தோறும் அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் அளந்து, முந்தைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவாருங்கள்.